ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சகம்: என் அனுபவம்

மன்னார்குடியில் இருக்கும் சின்ன ஆஃப்செட் அச்சகம் இது. கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடிப்பார்கள். 2019 டிசம்பரில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, நான் நின்றேன். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள், பின்னால் எந்தக் கட்சியும் கிடையாது. என்னைப் போல நிற்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸ் அடிக்கக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் டிசம்பர் 19. அதற்குப் பிறகுதான் யாருக்கு என்ன சின்னம் என்பதே தெரியும். எங்களுக்கு முதல் கட்டம், 27ஆம் தேதி வாக்குப்பதிவு. 25ஆம் தேதி மாலையோடு பிரசாரம் முடிந்தது. அந்தச் சில நாட்களில் வட்டாரத்து வேட்பாளர்கள் எல்லோரும் அச்சகங்களில் வந்து நிற்பார்கள். ஐநூறு நோட்டீஸ் கேட்கிறவரை, "ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா" என்று அனுப்பிவிடுகிற கடைகளும் உண்டு.

இந்தக் கடை அண்ணன் அப்படிச் செய்யவில்லை. என் படம், பெயர், செய்யப்போகும் வேலைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி டிசைனை முடித்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். பூட்டு சாவி என்று போனில் சொன்னேன். மறுநாள் காலையில் நோட்டீஸ் கட்டு தயார்.

அவருக்குத் தேர்தல் தெரிகிறது என்பதுதான் முக்கியமான விஷயம். கிராமத்தில் ஒருவருக்கு நான்கு வாக்கு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என நான்கு சீட்டு, வேறு வேறு நிறம். வயதானவர்கள் திணறிப்போவார்கள். அதனால் கிழக்குத் தெருக் குடிநீர், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் கீழே இறக்கிவிட்டு, "இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு சாவி" என்று நடுவில் பெரிதாகப் போட்டார். வீடு வீடாகப் போனபோது பாட்டிமார்கள் அந்த வரியைத்தான் திருப்பிச் சொன்னார்கள். நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர், முகவரி, எத்தனை பிரதி என்பதையும் கேட்காமலே போட்டுக் கொடுத்தார். எதிர் வேட்பாளரைத் திட்டி ஒரு நோட்டீஸ் அடிக்கலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டதற்கு, முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். அதற்காகவே அவர் மீது எனக்கு மரியாதை.

அப்புறம் பில். தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 300. ஆனால் செலவு உச்சவரம்பு 34,000. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், ஜெயித்தவர் தோற்றவர் எல்லோரும். துண்டுச் சீட்டில் தொகை எழுதித் தருகிற கடையில் அடித்தால் அப்போது தவித்துப்போவோம். இங்கே ஒவ்வொரு தடவையும் தேதி, எண்ணிக்கை, தொகை போட்டு முறையான பில் கொடுத்தார்கள். என் கணக்கில் சிக்கலே வரவில்லை.

குறையும் உண்டு. சுவரொட்டியில் என் முகம் கறுத்துப்போய், கண்ணே தெரியவில்லை. இரண்டாவது கட்டு 24ஆம் தேதி ராத்திரிதான் வந்தது. பாதியை ஒட்ட முடியவில்லை. அதற்குப் பணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன், குறைக்கவில்லை. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பதும் சாதாரணக் குடும்பத்துக்குக் கஷ்டம்தான்.

நான் ஜெயிக்கவில்லை, ஆனால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வாக்கு விழுந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அடுத்த தேர்தலில் தலைவர் பதவி எங்களுக்கு ஒதுக்கீட்டில் வராவிட்டாலும் வார்டு உறுப்பினருக்கு நிற்பேன். நோட்டீஸுக்கு இதே கடைக்குத்தான் போவேன். சுவரொட்டியை மட்டும் வேறு இடத்தில் அடித்துக்கொள்வேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.