கனத்த மூன்றடுக்கா, லேசான இரண்டரையா: மலை மழைக்கு எந்த ஜாக்கெட்?

மழை ஜாக்கெட் வாங்கும்போது நம் கண் முதலில் போவது சீட்டில் அச்சடித்த எண்ணுக்குத்தான். 10,000 மி.மீ., 20,000 மி.மீ., 28,000 மி.மீ. துணியின் மேல் நீர்த்தூண் ஒன்றை நிறுத்தினால் எவ்வளவு உயரம் வரை கசியாமல் தாங்கும் என்பதே அந்த எண். 10,000 என்றால் பத்து மீட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். கேட்க மிரட்டலாக இருக்கும். ஆனால் அது புதுத் துணியில் எடுத்த அளவு. முதுகுப்பையின் வார் இரண்டு வருடம் தோளில் உரசிய பிறகு என்ன மிஞ்சும் என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை.

என்னிடம் இரண்டு ஜாக்கெட்டுகள் இருந்தன. இரண்டிலும் 20,000 என்றுதான் போட்டிருந்தது. ஒன்று அரைக் கிலோவுக்கு மேல், மூன்றடுக்கு. மற்றொன்று அதில் பாதி எடைகூட இல்லை, கைக்குள் சுருட்டிவிடலாம், இரண்டரை அடுக்கு. ஒரே எண் போட்ட இந்த இரண்டும் மூன்றாவது வருடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருட்களாகிவிட்டன.

மூன்றடுக்கில் வெளியே நைலான், நடுவே நீர்புகாச் சவ்வு, உள்ளே மெல்லிய பின்னல் துணி. மூன்றையும் ஒட்டி ஒரே துணியாக்கியிருப்பார்கள். இரண்டரையில் அந்த உள்துணி கிடையாது. சவ்வின் மேல் பூச்சாகவோ புள்ளி புள்ளியாகவோ ஒரு பாதுகாப்பு, அதுதான் ‘அரை’. ஆகவே வியர்வையும் தோலின் எண்ணெயும் நேரே அதன் மேல் படிகின்றன. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் நாளாவட்டத்தில் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். என் லேசான ஜாக்கெட்டின் தோள்பகுதி உள்ளே வெங்காயச் சருகு போல உதிர்ந்தது. ஈரத்தோடு சுருட்டிப் பையில் அடைத்து வைத்தது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதே சோம்பேறித்தனத்தைக் கனத்த ஜாக்கெட் பொறுத்துக்கொண்டது.

வெளித்துணியிலும் அதே கதை. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். லேசான வகையில் 20, 30 டெனியர். மலைக்கென்றே தைத்ததில் 70, 80 வரை போகும். பாறையில் முழங்கையை ஊன்றி ஏறுகிறவருக்கு, முள்ளில் நுழைகிறவருக்கு இந்த எண்தான் முக்கியம். நீர்த்தூண் எண்ணை விட இதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

“ஜாக்கெட் ஒழுகுகிறது” என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒழுகியிருக்காது. வெளித்துணியின் மேல் நீரை முத்து முத்தாக உருட்டிவிடும் பூச்சு ஒன்று உண்டு. அது தேய்ந்தால் நைலான் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். சவ்வு அப்போதும் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உள்ளிருந்து ஆவி வெளியேற வழியில்லை. ஜாக்கெட் சில்லிட்டு, நம் வியர்வையே உட்புறம் நீராக வழியும். இதில் இரண்டரை அடுக்கு இன்னும் மோசம், அந்த ஈரத்தை உறிஞ்ச உள்ளே துணியே இல்லை. சவ்வு எவ்வளவு உயர்ந்ததானாலும் சரி, வெதுவெதுப்பான மழையில் மூச்சு வாங்க ஏறும்போது அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுவதற்கு ஈடாகாது. எடையைக் குறைக்க அந்த ஜிப்பைத்தான் முதலில் வெட்டுகிறார்கள் என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

சவ்விலும் போட்டி உண்டு. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், சூடாக்கிய பி.டி.எஃப்.இ. தண்டை (ஒட்டாத வாணலியில் பூசும் அதே பொருள்) வெடுக்கென்று இழுத்தபோது, அது முறியாமல் நுண்துளைகளோடு நீண்டது. கோர்டெக்ஸ் என்ற பிரபல நீர்புகாச் சவ்வு அதிலிருந்து வந்தது. இதுபோல ஃப்ளூரின் கலந்த ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால், 2022 முதல் பாலிஎத்திலீன் சவ்வும் சந்தைக்கு வந்துவிட்டது. மேல்பூச்சும் அப்படியே மாறிவருகிறது. புதுப் பூச்சு நீரை விரட்டும், ஆனால் எண்ணெயை விரட்டாது. சன்ஸ்கிரீனும் கழுத்தழுக்கும் படிந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும், முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். திரவ சோப்பு, நன்றாக அலசல், குறைந்த சூட்டில் உலர்த்தல். சூடு பட்டால் பூச்சு மறுபடி உயிர் பெறும். துணி மென்மையாக்கி மட்டும் ஆகாது.

சவ்வே இல்லாத கட்சியும் இருக்கிறது. வென்டைல் என்ற இறுக்க நெய்த பருத்தி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்காக உருவானது. நனைந்தால் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சத்தமில்லாத, வருடக்கணக்கில் உழைக்கிற துணி. உறைகுளிருக்கு நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். விடாமழைக்கு மாட்டேன், ஊறினால் விறைத்துக் கனக்கும், காய நாள் பிடிக்கும். உள்ளே தனியாக வலைத்துணி தொங்கும் இரண்டடுக்கு ஜாக்கெட் நகரத்துக்குப் போதும்.

லேசானதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். வானம் தெளிந்திருக்கும் நாளில், ஒருவேளை மழை வந்தால் என்று பையின் அடியில் கிடக்க அது போதும். நாள்கணக்கில் மரங்கள் வளராத உயரத்தில் நடக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தக் கூடுதல் கால் கிலோவைச் சுமந்துகொண்டு போங்கள். வாங்கும்போது ஹெல்மெட்டோடு ஹூட்டைப் போட்டுத் தலையைத் திருப்பிப் பாருங்கள். கையைத் தூக்கினால் இடுப்பு வெளியே தெரிகிறதா என்றும். என் கனத்த ஜாக்கெட்டின் முழங்கையில் இப்போது இரண்டு நைலான் ஒட்டுகள் இருக்கின்றன, தையல் துளை வழியே நீர் புகாமல் உள்ளே ஒட்டியிருக்கும் பட்டை ஓரிடத்தில் பிரிந்து திரும்ப ஒட்டியிருக்கிறேன். உரிந்துபோன மற்றதற்கு ஒட்டுப் போட இடமே இல்லை.