பேஸ் கிடாருக்குப் பிக்கப் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன். எனக்குப் போனது 18,000 ரூபாய். பணத்தை அடுத்த சீசனில் சம்பாதித்துவிடலாம். அதோடு சேர்ந்து போன பழைய பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம், இனிமேல் கிடைக்காது. அந்த வலியில்தான் எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. பெயரை எழுதினால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, அடுத்த கடையில் இதே மாதிரி ஏமாறுவீர்கள். எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடைக்கும் தைரியமாகப் போகலாம்.

என்னிடம் இருப்பது ஜப்பானில் செய்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். 1994-ல் அம்மான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்து கையில் கொடுத்தது. இளையராஜா பாட்டு வாசிக்கிறவனுக்குப் பேஸ் என்பது பின்னால் ஒலிக்கிற சமாச்சாரம் இல்லை, அது பாட்டுக்குள்ளே ஓடுகிற இன்னொரு பாட்டு. முப்பது வருஷம் அந்தக் கிடாரில்தான் வாசித்தேன்.

போன மாசி-பங்குனி சமயம் ஒரு கச்சேரியில் சத்தம் விட்டு விட்டு வந்தது. கேபிளை அசைத்தால் வரும், கையை எடுத்தால் போகும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று கேட்கும். பத்து நாளில் அடுத்த புக்கிங் இருந்ததால் அவசரமாகக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் கேபிளைச் செருகினார், ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை இரண்டு தட்டுத் தட்டினார். “காயில் செத்துப்போச்சுண்ணே. முப்பது வருஷச் சரக்கு, வேர்வை இறங்கி அரிச்சிருக்கு. மெட்ராஸ்லேருந்து ஒரிஜினல் அல்நிகோ பிக்கப் வரவழைச்சுப் போட்டுத் தர்றேன்” என்றார். அல்நிகோ என்பது பிக்கப்புக்குள் இருக்கிற ஒரு காந்த வகை. பிக்கப்புக்கு 16,500, கூலி 1,500. பில் கேட்டேன். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு” என்றார். ஜிபேயில் அனுப்பினேன்.

நாலாம் நாள் கிடார் வந்தது. கடையிலேயே சின்ன ஆம்ப்பில் வாசித்துப் பார்த்தேன். நாலு கம்பியும் பேசின. திருப்தியாக வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மேடை ஏறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. குன்றக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. பந்தல் முழுக்க சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர். பேஸைச் செருகிய நொடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். நான் வாசிக்காதபோதும் அது நிற்கவில்லை. மைக்செட் அண்ணன் இரண்டு பாட்டு பொறுத்தார், மூன்றாவது பாட்டில் என் சேனலையே இறக்கிவிட்டார். பாக்கி ராத்திரி முழுக்க நான் விரலை அசைத்துக்கொண்டு நின்றேன், ஒரு நோட்டுகூடச் சனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது.

மறுநாள் காலையில் பட்டாலையில் பேப்பரை விரித்துக் கிடாரைக் கவிழ்த்தேன். கம்பிகளுக்கு அடியில் இருக்கிற தட்டான பிக்கார்டைத் திறக்கும்போதே இரண்டு ஸ்க்ரூ இல்லை. பிக்கப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். இந்த வகைப் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டின் அடியிலும் கருப்பாக ஒரு பட்டைக் காந்தம், பசை வழிய ஒட்டியிருந்தது. பழைய ஸ்பீக்கரை உடைத்தால் உள்ளே கருப்பு வளையம் இருக்குமே, அதே சாதி. செராமிக்.

இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். பிக்கப் என்பது சைக்கிள் டைனமோவின் தம்பி. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பி. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் சின்னதாக மின்சாரம் பிறக்கிறது. அதனால்தான் நைலான் கம்பி போட்டால் இந்தப் பிக்கப்பில் சத்தமே வராது. பழைய பிரிசிஷன் வகைப் பிக்கப்பில் கம்பிக்கு நேரே எட்டு உருளைகள் தெரியும், ஒரு கம்பிக்கு இரண்டு. அல்நிகோ என்றால் அந்த எட்டு உருளையும் தாமே காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றும் இரும்போடு சேர்ந்த உலோகக் கலவை அது. அடியில் பட்டை எதுவும் தேவையில்லை. மலிவான பிக்கப்பில் அந்த உருளைகள் வெறும் இரும்பு. அடியில் ஒட்டிய செராமிக் பட்டைதான் காந்தம். செராமிக் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனிகளே செராமிக்கில் அருமையான பேஸ் பிக்கப் செய்கின்றன. செராமிக்கைக் கொடுத்துவிட்டு அல்நிகோ என்று சொல்லிக் காசு வாங்கினார்களே, அதுதான் மோசடி.

மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் பக்கம் பழைய வீட்டு பர்மாத் தேக்குத் தூண் வாங்குகிறவர்கள் பாலிஷ் போட்ட முகப்பைப் பார்க்க மாட்டார்கள், அடிக்கட்டையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். பிக்கப்புக்கும் அடிப்பக்கம்தான் சாட்சி.

இரைச்சலின் காரணத்தை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு அண்ணன். கிடாரே தெரியாதவர், காயில் தெரிந்தவர். பிக்கப் கம்பியின் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது நம்ம கணக்குல 46 கேஜ் இருக்கும் தம்பி, தலைமுடி கனம்” என்றார். சரியாகத்தான் சொன்னார், இந்த வகைக் கம்பி 0.06 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும்.

பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தபோது ஒரே காயில்தான். 1957-ல்தான் அதை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஈ, ஏ கம்பிக்கு ஒன்று. டி, ஜி கம்பிக்கு ஒன்று. இரண்டு காயிலையும் எதிரெதிர் திசையில் இணைப்பதால் வெளியிலிருந்து வருகிற மின் இரைச்சல், நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். என் கிடாரில் ஒரு துண்டின் இரண்டு வயர்களை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். இரைச்சல் அடங்குவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. இதில் மோசமான விஷயம், இந்தத் தப்பு வாசிக்கும்போது தெரியாது. ஒவ்வொரு கம்பியும் ஒரு துண்டுக்குத்தான் பேசுகிறது என்பதால் நோட்டின் குணம் மாறவே மாறாது. சீரியல் செட், ஜெனரேட்டர் இல்லாத கடையில் எப்படித் தெரியும்? அண்ணன் அந்த இரண்டு வயரையும் கழற்றி மாற்றிப் பற்றவைத்தார். இரைச்சல் நின்றது.

அப்புறம் அவர் கேபிள் செருகுகிற ஜாக்கைத் திறந்தார். எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். ஜாக்கின் நாக்கு தளர்ந்திருந்தது, ஈயம் வைத்த இடம் விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. நான் கடைக்குக் கொண்டுபோனபோது என்ன கோளாறோ அது அப்படியே இருந்தது, ஒருவர் கையும் அதில் படவில்லை. நாற்பது ரூபாய் ஜாக். வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற ‘பாட்’ என்ற பாகத்தில் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்தார், கரகரப்பும் போனது.

அப்படியென்றால் என் பழைய பிக்கப் சாகவில்லை. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். காயில் கம்பி உள்ளே அறுந்தால் கேபிளை அசைத்து அதைப் பிழைக்கவைக்க முடியாது. பிரிசிஷனில் இரண்டு துண்டும் தொடராக இணைந்தவை, ஒன்று அறுந்தாலே மொத்தச் சத்தமும் மெலிந்து, அடி ஒலி இல்லாமல் ஈசல் பறக்கிற மாதிரிக் கேட்கும். இரண்டு கம்பி மட்டும் ஊமை என்றால் அந்தத் துண்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். கேபிள் அசைந்தால் வந்து போகிறது என்றால் ஜாக் அல்லது கேபிள். குமிழைத் திருப்பும்போது கரகரப்பு என்றால் பாட். ஆக்டிவ் பேஸ், அதாவது உள்ளே பேட்டரி போட்ட பேஸ், வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். வாசித்து முடித்ததும் கேபிளை உருவாமல் விட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், அதைக்கூடப் பிக்கப் கோளாறு என்று சொல்கிறவர்கள் உண்டு.

வீட்டிலேயே சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 கிலோ ஓமில் வையுங்கள். கிடாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனியையும் தண்டையும் தொடுங்கள். பாசிவ் (பேட்டரி இல்லாத) பிரிசிஷனில் பெரும்பாலும் 10 முதல் 12 வரை காட்டும். பாட் பக்கவாட்டில் இணைந்திருப்பதால் உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். எனக்கு அவர்கள் போட்ட பிக்கப் 7.1 காட்டியது. காயில் அறுந்திருந்தால் வால்யூம் பாட்டின் அளவு மட்டும் மிஞ்சும், அது சாதாரணமாக 250 கிலோ ஓம் என்பதால் 20-ல் வைத்த மீட்டர் எல்லை தாண்டிவிட்டதாகக் காட்டும். கிடார் நன்றாக இருக்கும்போது காட்டுகிற எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஆனால் எண் பெரிதாக இருந்தால் பிக்கப் உசத்தி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கம்பியை மெல்லிசாகச் சுற்றினாலே எண் கூடிவிடும். உங்கள் பிக்கப் உங்களுக்கே திரும்பி வந்ததா என்று பார்க்கத்தான் அந்த எண்.

ஜாஸ் பேஸ் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் இரண்டு பிக்கப்பும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது, பிரிட்ஜ் (கம்பிகள் அடியில் மாட்டியிருக்கிற இடம்) பக்கத்துப் பிக்கப் சில மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கும். அளக்காமல் வாங்கிவிட்டு, நுழையவில்லை என்று மரத்தைக் குடைய விடாதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். “என் பழைய பிக்கப்பைக் கொடுங்க தம்பி, அதையே மாட்டிக்கிறேன்” என்றேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பட்டைக் காந்தத்தைக் காட்டினேன், “கம்பெனி இப்போ இப்படித்தாண்ணே பண்றான்” என்றார். பெட்டி கேட்டேன், இல்லை. கடைசியில் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. என் பிக்கப்பை வேறு யாருக்கும் விற்றார் என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்க்கவில்லை. உயிரோடு இருந்த பொருளைச் செத்துவிட்டது என்று சொல்லிக் கழற்றினார், திருப்பிக் கொடுக்கவில்லை. அதை யாரிடமும் சொல்வேன்.

எங்கள் வீட்டில் ஈயச் சொம்பு முதல் எவர்சில்வர் கரண்டி வரை பேர் வெட்டாத சாமான் கிடையாது. கல்யாணச் சாமான் பரப்பும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எழுதித்தான் கொடுப்போம், வாங்குவோம். அப்படி வளர்ந்த நான் அம்மான் கொடுத்த கிடாரை ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கொடுக்கும் முன் பிக்கப்பின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள், ஓரத்தில் ஊசியால் இரண்டு எழுத்துப் பேர் வெட்டிவிடுங்கள். காயில் கம்பியில் மட்டும் ஊசி படக்கூடாது, ஒரு கீறல் போதும் அறுந்துவிட. கழற்றுகிற பாகம் எதுவானாலும் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். புதுப் பிக்கப்பைப் பெட்டியோடு உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, மாட்டும் முன் கவிழ்த்துப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, ஜிபே ரசீதும் வாட்ஸப்பில் “ஒரிஜினல் அல்நிகோ” என்று அவர் அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

பழைய பிக்கப்பைத் தேடுவதையும் நான் விடவில்லை. இரண்டு கருப்புத் துண்டு. ஜி கம்பி ஓரத்தில் மூடியின் காது லேசாக உடைந்து, பசை போட்டு ஒட்டியிருக்கும். மற்றத் துண்டின் மேல், ஈ கம்பிக்குக் கீழே, என் மகள் நாலு வயதில் வைத்த சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று இருக்கும். சுரண்டியிருந்தாலும் உருளையின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். யார் கைக்காவது வந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.