ராத்திரி வெளியே கிளம்ப எதைப் போடுவது? ஆசியப் பயணத்துக்கு ஓர் உடை ஒப்பீடு

பாங்காக்கில் ஒரு மொட்டைமாடி பார். லிஃப்ட் வாசலில் நின்ற இளைஞர் கைகூப்பி வணக்கம் சொன்னார். நிமிர்வதற்குள் அவர் பார்வை என் கணவரின் காலுக்குப் போய்விட்டது. இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பேண்ட், காலில் தோல் செருப்பு. விலை கூடிய செருப்புதான், ஆனால் ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. மூடிய ஷூ இருந்தால்தான் மேலே அனுப்ப முடியும் என்று மிகப் பணிவாகச் சொல்லிவிட்டார். என் காலிலும் விரல் தெரிகிற செருப்புதான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி இடங்களில் பெண்களின் செருப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஆண்களுக்குத்தான் கெடுபிடி.

பெட்டி கட்டும்போதே கேட்டேன். "ஏங்க, அந்தக் கறுப்பு ஷூவையும் வச்சிரட்டுமா?"

"கையில கொண்டுபோக 7 கிலோதான் விடுவான், அது எதுக்கு இப்போ?"

விடுதிக்குத் திரும்பி, நடப்பதற்காக வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. பார்க்க வந்த சூரிய அஸ்தமனமும் முடிந்துவிட்டது.

அதிலிருந்து பயணத்தில் ராத்திரி உடை என்றால் மூன்று கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். வாசலில் நிற்பவர் உள்ளே விடுவாரா? உட்காரவும், ஷூவைக் கழற்றி மாட்டவும் தோதாக இருக்குமா? வெளியே புழுக்கம், உள்ளே நடுங்க வைக்கும் ஏசி, இரண்டையும் தாங்குமா? கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காலில் எது?

செருப்பு, ஸ்னீக்கர், கயிறு கட்டாமல் காலை நுழைக்கும் லோஃபர், ஹீல்ஸ். போட்டி இந்த நான்குக்குள்தான். ராத்திரியின் போக்கைத் தீர்மானிப்பது சட்டையோ கவுனோ இல்லை, கால்தான் என்பதால் இதில் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

செருப்பு கடற்கரை ஊர்களின் உடைமை. பாலியில் செமின்யாக், சாங்கு பக்கம் செருப்போடு எங்கும் உட்காரலாம், யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். ஆனால் தாய்லாந்தின் கோ பங்கான் தீவில், ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் முழுநிலவுக் கொண்டாட்டத்துக்குச் செருப்போடு போகவேண்டாம். மணலில் உடைந்த பாட்டில் துண்டுகள் கிடக்கும். கூட்டத்தில் செருப்பு கழன்றால் திரும்பக் கிடைக்காது. அங்கே பழைய ஸ்னீக்கர்தான் சரி.

ஸ்னீக்கர் நடப்பதற்கு நிகரில்லாதது. வெள்ளையாக, சுத்தமாக, தோலில் செய்ததாக இருந்தால் பல நல்ல பார்களில் விட்டுவிடுவார்கள். வலைத்துணியும் பளபளக்கும் நிறமுமாக இருக்கும் ஓட்ட ஷூ என்றால் சந்தேகம்தான். எங்களை அன்று விட்டார்கள், எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நம்பிப் போக முடியாது. இன்னொரு தொல்லை அதன் கயிறு. டோக்கியோவில் பழைய பாணி இசகாயாவில், அதாவது குடியும் சாப்பாடும் சேர்ந்த கடையில் நுழைந்தால், படியேறும் முன் ஷூவைக் கழற்றிச் சின்ன மர அலமாரியில் வைக்கவேண்டும். கதவைச் சாத்தியதும் உள்ளங்கை அளவு மரப்பலகை ஒன்றை உருவிக்கொள்கிறோம். எண் எழுதிய அந்தப் பலகைதான் சாவி. பின்னால் நாலு பேர் காத்திருக்க, ஒற்றைக்காலில் நின்றுகொண்டு முடிச்சை அவிழ்ப்பது சங்கடம். அதைவிடச் சங்கடம் ஓட்டை விழுந்த சாக்ஸ். பாய் விரித்த அறைக்குள் வெறுங்காலோடு ஏறுவதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்களும் உண்டு. அதனால் வெறுங்காலில் லோஃபர் போடுபவர்கள்கூடப் பையில் ஒரு ஜோடி நல்ல சாக்ஸ் வைத்துக்கொள்வது நல்லது.

ஹீல்ஸை ஹாங்காங்கில்தான் கைவிட்டேன். பார்கள் நிறைந்த லான் குவாய் ஃபாங் பகுதி முழுக்கச் சரிவு. பக்கத்திலேயே பாட்டிஞ்சர் தெரு. ஒரு கல் உயர்ந்தும் அடுத்த கல் தாழ்ந்தும் பதித்த பழைய கல்படி. ஊசி ஹீல் அந்த இடுக்கில் இறங்கினால் கணுக்கால் திரும்பிவிடும். உயரம் வேண்டும் என்றால் அடிப்பாகம் அகலமான பிளாக் ஹீல், அதுவும் டாக்ஸியில் போய் டாக்ஸியில் திரும்பும் நாளுக்கு மட்டும்.

மிச்சம் இருப்பது லோஃபர். கறுப்பு அல்லது அடர் பழுப்பு, கயிறு இல்லாதது, அடியில் ரப்பர். வாசலிலும் தடையில்லை, தரையிலும் தடையில்லை, மழையில் நனைந்த நடைபாதையிலும் வழுக்காது. கடற்கரையில் மட்டும் தோற்கும். என் ஓட்டு இதற்குத்தான். பெண்களுக்கு இதே வேலையைச் செய்வது விரல் மூடிய பேலே ஷூ.

ஜீன்ஸா, லினனா?

ஜீன்ஸை எடுத்துப் போகாதவர்கள் குறைவு. அடர்நீலம், கிழிசல் இல்லாதது என்றால் வாசல் காவலரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் முக்கால் கிலோவை நெருங்கும். புழுக்கமான விடுதி அறையில் துவைத்துப் போட்டால் மறுநாளும் இடுப்புப்பட்டி ஈரமாகவே இருக்கும். டோக்கியோவில் ஆகஸ்ட் ராத்திரி வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அதற்கு "நெத்தாய்யா" என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். வெப்பமண்டல இரவு என்று பொருள். பாங்காக், சிங்கப்பூரில் பெரும்பாலான ராத்திரிகள் அந்த ரகம்தான். அதில் ஜீன்ஸ் தொடையோடு ஒட்டிக்கொள்ளும்.

சீக்கிரம் காயும் பாலியஸ்டர் பேண்ட்டைப் பயணக்கடைகளில் பெருமையாக விற்கிறார்கள். காய்வது உண்மை. ஆனால் பாலியஸ்டர் நூல் தன் எடையில் அரை சதவீத ஈரம்கூட உள்வாங்காது. பருத்தி சுமார் 8, லினன் சுமார் 12 சதவீதம் வாங்கும். அதனால் வியர்வை தோலிலேயே நிற்கிறது, வாடையும் சீக்கிரம் வந்துவிடுகிறது. லினனின் குறை கசங்குவது. பருத்தி கலந்த அடர்நிற லினன் என்றால் கசங்கல் அவ்வளவாகத் தெரியாது. ஹனோயில் தா ஹியென் தெருவில், முழங்கால் மார்புக்கு வரும் அளவுக்குக் குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பியா ஹோய் என்ற உள்ளூர் பீர் குடிக்கும்போது லினனின் அருமை புரியும். இறுக்கமான ஜீன்ஸில் அரை மணிக்கு மேல் அப்படி உட்கார முடியாது. ஆண்களுக்கு அரைக்கால் பேண்ட் தெருக்கடைகளுக்குச் சரி, மாடிகளுக்குச் சரிவராது.

சியோலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஜனவரி ராத்திரி மைனஸ் 10 வரை போகும், கனமான பேண்ட்டே துணை. இறைச்சி சுடும் கடைகளில் கோட்டைக் கழற்றி, உட்காரும் ஸ்டூலின் மூடியைத் திறந்து உள்ளே போட்டுவிடலாம். கூச்சப்படாமல் போடுங்கள், கம்பளித் துணியில் ஏறிய புகை வாடை லேசில் போகாது.

மேலே: வெள்ளைச் சட்டையா, பாத்திக்கா?

காலர் வைத்த சட்டை எங்கும் செல்லும். வெள்ளையில் சாஸ் தெறிக்கும், சாம்பல் நிறத்தில் வியர்வை படம் போடும். இவற்றைவிட நான் உயர்வாக நினைப்பது, மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றிய பாத்திக் துணி. இந்தோனேசியாவில் முழுக்கை பாத்திக் சட்டை கோட்டு சூட்டுக்குச் சமமான மரியாதை உள்ள உடை. கல்யாணத்துக்கும் அரசு விருந்துக்கும் அதைத்தான் போடுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நெருக்கமான அந்த வேலைப்பாட்டில் வியர்வையும் தெரியாது, கசங்கலும் தெரியாது. பயணிகள் கூட்டத்தில் விற்கும் யானை அச்சிட்ட சட்டையோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். அது கடற்கரைக்கு, இது விருந்துக்கு. கையில்லாத பனியனை மட்டும் ஆண்கள் ராத்திரிக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

பெண்களுக்கு

குட்டைக் கவுன் ஹனோயின் ஸ்டூலுக்கு ஆகாது, சைகோனில் பைக் டாக்ஸிக்கும் ஆகாது; பின்னால் உட்காரும்போது சைலன்ஸர் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். தரை தொடும் மேக்ஸியில் வேறு சிக்கல்: சக்கரத்தில் மாட்டும், ஈரமான கழிவறைத் தரையைத் துடைக்கும். படத்தில் மிக அழகாக வருவது ஜம்ப்சூட். குந்தி உட்காரும் கழிப்பறை உள்ள கடையில், ஈரத்தரையில் படாமல் மொத்த உடையையும் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் பாதிக் கெண்டைக்கால் வரை வரும் அடர்நிற விஸ்கோஸ் கவுன், உள்ளே ஒரு ஷார்ட்ஸ், தோளில் மெல்லிய பருத்தித் துப்பட்டா. ஏசிக்குப் போர்வை, தோளை மூடவேண்டிய இடத்தில் மறைப்பு, பைக்கில் போகும்போது மட்டும் சுருட்டிப் பைக்குள்.

கொண்டுபோவதா, அங்கேயே வாங்குவதா?

மேல்சட்டை, கவுன் இரண்டையும் அங்கே வாங்கலாம். வியட்நாமின் ஹோய் ஆனில் 24 மணி நேரத்தில் தைத்துத் தருகிறார்கள். இரண்டாவது முறை போட்டுப் பார்க்க அவகாசம் வைத்துக் கொடுத்தால் தோள்பட்டை சரியாக அமையும். ஜப்பானில் கோடைத் திருவிழா ராத்திரிக்கு யுகாடா என்ற மெல்லிய கோடைக் கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும். இடப்பக்கம் மேலே வரும்படி கட்டவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு.

ஷூவை மட்டும் அங்கே போய்த் தேடக்கூடாது. ஜப்பானின் சாதாரணக் கடைகளில் 28 செ.மீ.க்கு மேல் ஆண்கள் ஷூ கிடைப்பது அரிது, புது ஷூ முதல் ராத்திரியே குதிகாலைக் கடிக்கும். இப்போதெல்லாம் பெட்டியில் முதலில் போவது அவருடைய கறுப்பு லோஃபர்தான். உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து, துணிப்பையில் சுற்றி, அடியில் வைத்துவிடுகிறேன்.