மாற்றாத கெபாசிட்டருக்கு 140 டாலர் கட்டினேன்: பழைய ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ரிவர்ப் (சத்தத்தை எதிரொலி மாதிரி நீட்டும் வசதி) வைத்த பழைய ஃபெண்டர் கிதார் ஆம்ப் யாரிடமாவது இருந்தால், அதைக் கடையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இந்த மாதிரி வேலை எந்த ஊரிலும் நடக்கலாம், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என்னுடையது 1967 டீலக்ஸ் ரிவர்ப். 22 வாட், ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், மொத்தம் ஒன்பது ட்யூப் (தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே வால்வுதான்). உள்ளே ஒட்டியிருக்கும் ட்யூப் சார்ட்டில் க்யூஜி என்று ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. 1951ஐ ஏ என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்தால் க்யூ 1967, ஜி என்றால் ஜூலை. நியூ ஜெர்சியில் ஒருவரிடமிருந்து வாங்கி ஆறு வருடம் வாசித்தேன், ஒரு குறை சொல்ல முடியாது.

போன வருடம் திடீரென்று ரிவர்ப் நின்றுபோனது. கிதார் சத்தம் நன்றாகவே வந்தது, ஆனால் ரிவர்ப் குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் இல்லை, கூடவே லேசான ஹம் (விடாத ஒரு இரைச்சல்). அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தேன். பத்து நாள் கழித்து 685 டாலருக்கு பில் வந்தது: ரிவர்ப் டேங்க் (ரிவர்ப் சத்தத்தை உண்டாக்கும் ஸ்பிரிங் வைத்த தகரப் பெட்டி) மாற்றியது, 6வி6 பவர் ட்யூப் இரண்டும் மாற்றியது, ஃபில்டர் கெபாசிட்டர் ஐந்தும் மாற்றியது (அதற்கு மட்டும் 140), பாதுகாப்புக்கு மூன்று முள் பிளக் போட்டது. ரிவர்ப் வேலை செய்தது, பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். ஹம் மட்டும் அப்படியே இருக்கிறதே என்று கேட்டதற்கு, பழைய ஆம்ப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஹம் போவதற்குத்தானே ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றுவது.

மூன்றே வாரம். ரிவர்ப் மறுபடியும் செத்துப்போனது.

இந்த முறை நண்பர் ஒருவர் சொல்லி, வீட்டிலேயே வேலை பார்க்கும் ஒரு வயதான டெக்னீஷியனிடம் போனேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பார்த்தார். முதலில் ஆம்பை ஆன் செய்து, ரிவர்பை ஏற்றி, பெட்டியை லேசாக ஒரு ஆட்டு ஆட்டினார். டேங்கிலிருந்து திரும்பி வரும் பாதை சரியாக இருந்தால் ஸ்பிரிங் மோதி இடி மாதிரி ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. அப்புறம் பின்பக்கம் டேங்கிலிருந்து வரும் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த ஜாக்கில் வேறு ஒரு வயரைச் செருகி அதன் முனையை விரலால் தொட்டார், ம்ம்ம் என்று ஸ்பீக்கர் உறுமியது. அப்படியென்றால் ரிவர்பைத் திரும்ப வாங்கும் ட்யூப் நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டரில் டேங்கைப் பார்த்தார், உள்ளே போகும் பக்கம் 1 ஓம் சுற்றி, வெளியே வரும் பக்கம் 200 ஓம் சுற்றி, இந்த வகை டேங்குக்கு அது சரியான கணக்கு. மிச்சம் இருந்தது வயர் மட்டும்தான். பிளக்கின் மூடியை உருவினால் உள்ளே கறுப்பு டேப்! நடு வயர் அறுந்திருந்ததை சோல்டர் கூட வைக்காமல் முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். கோளாறு ஆரம்பத்திலிருந்தே அந்த வயர்தான். டேங்கை மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அதோடு முடியவில்லை. சேஸிஸின் (பாகங்கள் எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டம்) பின்புறம் ஒரு தகர மூடி இருக்கும், ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதற்குள்தான். அதைக் கழற்றிக் காட்டினார். ஐந்தும் 1967லிருந்து அங்கேயே இருப்பவை, ஒன்றின் முனை உப்பி, வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது. மாற்றியதாக 140 டாலர் வாங்கியது இதற்குத்தான்.

எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது அடுத்ததுதான். அந்தக் காலத்து ஆம்பில் இரண்டு முள் பிளக், பின்னால் கிரவுண்ட் சுவிட்ச், கரண்ட் லைனின் ஒரு பக்கத்திலிருந்து சேஸிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. அது ஷார்ட் ஆனால் சேஸிஸில் கரண்ட் ஏறும், கிதார் கம்பிகள் அந்த சேஸிஸோடு சேர்ந்தவை, அந்த நேரம் உதடு மைக்கில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டெத் கேப், அதாவது மரண கெபாசிட்டர் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீயில், ஸ்டோன் த க்ரோஸ் ராக் குழுவின் கிதாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். மூன்று முள் பிளக் போடும்போது அந்தக் கெபாசிட்டரைக் கழற்றிவிடுவதுதான் முறை. பாதுகாப்பு என்று பில்லில் எழுதியவர்கள் அதைத் தொடவே இல்லை. என் பத்து வயது மகள் அந்த ஆம்பில்தான் கிதார் கற்றுக்கொள்கிறாள்.

பெரியவர் வயரை சோல்டர் செய்து, ஐந்து கெபாசிட்டரையும் மாற்றி, அந்த 0.047ஐ வெட்டி எடுத்து, மொத்தம் 260 டாலர் வாங்கினார். கழற்றிய அத்தனையையும் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். ஹம் போய்விட்டது.

படங்களோடு பழைய கடைக்குப் போனேன். அரை மணி நேர வாக்குவாதத்துக்கு அப்புறம் அந்த 140ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய டேங்க், பழைய 6வி6 எங்கே என்றால், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். கொடுத்த அன்று அந்த ட்யூப்கள் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவை, ஆர்சிஏ (பழைய அமெரிக்கக் கம்பெனி) என்று கண்ணாடியில் சிவப்பு எழுத்து, அதையெல்லாம் யாரும் குப்பையில் போடமாட்டார்கள்.

ஆகவே கொடுப்பதற்கு முன் பின்பலகையைக் கழற்றி ட்யூப், டேங்க், ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் மேல் உள்ள எண்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பாகம் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேஸிஸை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கலாம்.

என் டேங்கின் படம் ஒன்று, ஆம்பை விற்றவர் அப்போது அனுப்பியது, என்னிடம் இருக்கிறது. தகரத்தின் ஓரத்தில் நீலப் பென்சிலில் 7 என்று எழுதியிருக்கும். எங்காவது விற்பனைக்கு வந்து உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.