மூன்று வருடமாக என் பர்ஸில் ஒரு கஞ்சா கார்டு

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஃபிரிட்ஜிலிருந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்தால் விரல் நுனியில் ஊசி ஏறும். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகியும் எனக்குப் பாதம் இரண்டும் ராத்திரியில் எரிந்துகொண்டே இருந்தன. நரம்பு வலிக்குத் தந்த கபாபென்டின் போட்டால் மறுநாள் மதியம்வரை தலை நிற்காது. டுலாக்செட்டின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மருத்துவக் கஞ்சாவுக்கு ஒரு கார்டு வாங்கிப் பாருங்களேன்" என்று சொன்னது என் புற்றுநோய் டாக்டர்தான்.

நான் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில். இங்கே 2016-ல் மருத்துவக் கஞ்சாச் சட்டம் வந்தது, 2018-ல் கடைகள் திறந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் 21 வயது ஆன யாரும் 2022 முதல் கடைக்குள் போய் வாங்கிவிடலாம். ஆனால் அங்கே வாங்கிப் பாலத்தைத் தாண்டி எடுத்து வருவது மத்தியச் சட்டப்படி குற்றம். சரி, கார்டே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் பதிய வேண்டும். பெயரும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதுபோல அச்சு அசலாக இருக்க வேண்டும். இனிஷியலோடு வளர்ந்த நம் ஆட்களுக்கு இங்கேதான் கண்டம். என் உரிமத்தில் அப்பா பெயர் கடைசியில் நிற்கிறது. நான் பழக்கதோஷத்தில் வீட்டுக்காரர் பெயரை அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது, போனது ஒரு வாரம்.

அடுத்து, இதற்கெனப் பதிவு செய்துகொண்ட டாக்டர் உங்கள் நோய் பட்டியலில் இருக்கிறது என்று சான்று தர வேண்டும். புற்றுநோய், வலிப்பு, நரம்புக் கோளாறு, 2019-லிருந்து பதற்ற நோய் என்று பட்டியல் நீளம். இது மருந்துச் சீட்டு ஆகாது. மத்திய அரசு தடை செய்த பொருளை எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது, சான்று மட்டும்தான் தரலாம். நான் போனது வீடியோவில் பார்க்கும் ஓர் இடம். 150 டாலர் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், என் ஸ்கேன் அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் மாநிலத்துக்கு 50 டாலர் கட்டியதும் கார்டு தபாலில் வந்தது. இரண்டு செலவும் வருடா வருடம் உண்டு, காப்பீடு ஒரு பைசா தராது.

கடையில் முதல் நாள் மருந்தாளர் உட்கார வைத்துப் பேசினார். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று அவர் கேட்டதுதான் அந்த மாதம் முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி. இந்த மாநிலக் கடைகளில் மிட்டாய், கேக் எல்லாம் கிடையாது. மாத்திரை, எண்ணெய், களிம்பு, நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து, ஆவியாக்கும் கருவியில் (vape) வைத்து இழுக்கும் இலை, இவ்வளவுதான். புகைப்பதற்கு அனுமதி இல்லை.

மூன்றாவது நாளே ஆட்டம் கண்டேன். 5 மில்லிகிராம் கேப்சூல் போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைப் போட்டேன். வயிற்றுக்குப் போவது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். இரண்டும் சேர்ந்து பிடித்தபோது சோபாவிலிருந்து எழுந்திருக்கவே பயமாக இருந்தது. அதற்குப் பிறகு கேப்சூலையே தொடவில்லை. இப்போது படுக்கப் போகும் முன் 2.5 மில்லிகிராம் சொட்டு மருந்து, அவ்வளவுதான். எரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் எரிச்சலோடு தூங்க முடிகிறது. நாலு முறை விழித்த ராத்திரியில் இப்போது ஒரு முறைதான்.

கார்டு எதிலிருந்தெல்லாம் காப்பாற்றாது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. இந்த மாநிலத்தில் வண்டி ஓட்டும்போது இரத்தத்தில் கஞ்சாவின் எச்சம் இருந்தாலே வழக்கு வரலாம், கார்டு காட்டினாலும் சரி. அந்த எச்சமோ நாள்கணக்கில் தங்கும். நேற்று ராத்திரி விட்ட சொட்டுக்கு இன்று சிக்னலில் நெஞ்சு படபடக்கிறது. முடிந்தவரை பெண்ணே ஓட்டுகிறாள். நான் குடியுரிமை வாங்கியவள் என்பதால் இந்த ஒரு கவலையோடு போயிற்று. எச்1பி என்ற வேலை விசாவில் இருக்கும் தோழி ஒருத்தி முதுகுவலிக்காக விசாரித்தபோது, முதலில் குடியேற்ற வக்கீலைப் பார், அப்புறம் டாக்டரைப் பார் என்றேன். மாநிலச் சட்டப்படி வாங்கினாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் இது குறுக்கே நிற்கும் என்று குடியேற்றத் துறை 2019-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கஞ்சாவா? ஏண்டி, பேப்பர்ல போட்டோ போடுவாங்களே, அதுவா?" என்றார். சித்த மருத்துவத்திலும் அதைச் சுத்தி செய்து சேர்ப்பார்கள் என்றேன். "அது வைத்தியர் கொடுக்கிறது" என்று வைத்துவிட்டார்.

போன ஜனவரியில் அவரைப் பார்க்கச் சென்னை போனேன். அங்கே போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, பாட்டிலை விமானத்தில் ஏற்றும் பேச்சே கிடையாது. மூன்று வாரம் மருந்தில்லாமல் பயந்துகொண்டே படுத்தேன். நினைத்ததில் பாதி எரிச்சல்கூட இல்லை. வெயிலாலா, அம்மா பக்கத்தில் படுத்ததாலா, இல்லை இவ்வளவு நாளும் சொட்டு மருந்துக்கு அதிகப்படி பெயர் கொடுத்துவிட்டேனா என்று இன்னும் பிடிபடவில்லை. திரும்பி வந்து பனியில் இறங்கிய முதல் ராத்திரியே பாதம் எரிந்தது, பாட்டிலைத் தேடினேன். அடுத்த மாதம் கார்டு காலாவதியாகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன், வேறு டாக்டரிடம்.