குளச்சல் பக்கத்துப் பட்டறை: பழைய ஹெரால்டைக் கையில் எடுப்பவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி நாமே பிரித்துச் சரி செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வண்டியை வாங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "நல்ல பெயிண்டர் யார்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கடற்காற்று படும் நம்ம ஊரில் முதலில் தேட வேண்டியது சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பார்க்கத் தெரிந்த ஆளை. அப்படி ஒருவர் குளச்சல் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். போர்டு கிடையாது, பாதி வேலை படகு வேலை, உள்ளே நுழைந்தால் புரொபெல்லர் ஷாஃப்டுகளைத் தாண்டித்தான் காரிடம் போக வேண்டும்.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் (இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம்), இரண்டு கதவு வண்டி, 1960களில் சென்னையில் செய்தது. ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று கேட்பவர்களுக்கு: 1962ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் சேஸிலிருந்து வளர்ந்ததுதான், இரண்டையும் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலியர். முன் சஸ்பென்ஷன் அமைப்பும் ஒன்றே. அதனால் ஸ்பிட்ஃபயருக்காக இன்றும் வெளிநாட்டில் செய்யப்படும் சாமான்களில் பல நமக்கும் பொருந்தும். முதல் வண்டியாக இதை எடுக்கச் சொல்வதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும். முன்பக்க பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும், எஞ்சின் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

மேஸ்திரி முதல் நாள் எஞ்சினைத் தொடவே இல்லை. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டியது, பட்டி மட்டும் இருந்த இடத்தில் நழுவி விழுந்தது. அப்புறம் சின்னச் சுத்தியலால் சேஸின் பக்கக் கைகளை, அதாவது பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் இரும்புச் சட்டங்களைத் தட்டினார். ஒன்றில் கணீரென்று சத்தம், அடுத்ததில் தொப்பென்று. "மக்கா, இது மேல பெயிண்ட் அடிச்சா ரெண்டு மழை தாங்கும், அவ்வளவுதான்" என்றார். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. அவர் சொன்னது ஒரு வருஷக் கணக்கு.

அவரிடம் எனக்குப் பிடித்தது வேலையின் வரிசை. பாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சேஸை மொத்தமாக அறுக்கலாம் என்று பலர் ஆசை காட்டுவார்கள், அவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பாடி மேலே இருக்கும்போதே, ஒரு சமயத்தில் ஒரு கை மட்டும் அறுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் முடித்து, கதவு இடைவெளியை அளந்து பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். எல்லாவற்றையும் ஒன்றாக அறுத்தால் பாடி உட்காரும் போல்ட் ஓட்டைகள் இடம் மாறிவிடும், அதற்கப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. ஹெரால்டில் கதவுக்குக் கீழே உள்ள தகடு போல்ட் போட்டு மாட்டியது, பாரம் தாங்குவதில்லை. ஸ்பிட்ஃபயரில் அதே இடம்தான் வண்டியின் பலமே, அங்கே முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் வண்டி நடுவில் வளைந்துவிடும். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அடுத்தது டிரன்னியன். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும், அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும், ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். என் வண்டியில் முன்பு யாரோ கிரீஸ் அடித்திருந்தார்கள். மேஸ்திரி கழற்றிக் காட்டியபோது கிரீஸ் காய்ந்து மெழுகாகக் கிடந்தது, அடியில் தண்ணீர் தங்கி மரையின் ஓரமெல்லாம் துரு தின்று குழி விழுந்திருந்தது. அந்தத் தண்டு ஓடும்போது முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முடியாது. இதையெல்லாம் எனக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

இங்கே உரிமையாளரை வெளியே உட்கார வைப்பதில்லை. கழற்றுவது, மண்ணெண்ணெயில் கழுவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் நாமே செய்யலாம், வெல்டிங் மட்டும் அவர் கை. ஒன்று கவனியுங்கள், இந்த வண்டியின் போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர் வாங்கிக்கொண்டு போங்கள். 13 நம்பர் மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் போல்ட் தலை உருண்டுவிடும். கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதச் சொல்கிறார், எழுதாமல் விட்டால் திட்டுவார்.

மாருதி எஞ்சின் மாற்றிவிடலாமா என்று ஒருவர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார், மேஸ்திரி முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அதில் முழுச் சம்மதம். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று பதிய முடியும், எஞ்சினை மாற்றிவிட்டு அந்தக் கதவை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

குறைகளும் உண்டு. வேகம் குறைவு, தேதி கேட்டால் பதில் வராது. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகெல்லாம் கரையேறி வேலைக்கு நிற்கும் காலம் அது, அந்த இரண்டு மாதமும் உங்கள் கார் மூலையில்தான் நிற்கும். அது நியாயம்தான், படகு இறங்கினால்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரியும். ஆனால் திறந்த சேஸோடு வண்டியை அங்கே விட்டால் உப்புக்காற்று புதுத் தகட்டையும் பிடித்துவிடும், மே மாதத்துக்குள் பிரைமராவது அடித்து, சேஸ் குழாய்க்குள் மெழுகு ஸ்பிரே பண்ணச் சொல்லி வாங்கிவிடுங்கள். வயரிங், பெயிண்ட் இரண்டும் அவர் செய்வதில்லை, அதற்கு நாகர்கோவில் போக வேண்டும். பிரேக் வேலை செய்வார், சிலிண்டர் ரப்பர்களை மட்டும் நாம் வாங்கித் தர வேண்டும்.

கூலி வண்டிக்கு வண்டி மாறும், அதனால் தொகை எழுதவில்லை. தகடு, கேஸ், ஆள் கூலி மூன்றையும் தனித்தனியாக நோட்டில் எழுதிச் சனிக்கிழமை காட்டுகிறார், அறுத்து எடுத்த பழைய தகட்டையும் கையில் கொடுக்கிறார். ஞாயிறு பட்டறை பூட்டு. முதல் தடவை வண்டியைக் கொண்டு போகாதீர்கள், அடியில் படுத்து எடுத்த போட்டோக்களோடு காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் படகுக்காரர்கள் வந்துவிடுவார்கள்.