லேப்டாப்பில் ஐ3-யை ஐ7 ஆக்கித் தருகிறோம் என்றால் பணம் கொடுக்காதீர்கள்

காரைக்குடியில் ஒரு கடை, தேவகோட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவரின் பழைய லேப்டாப்புக்கு "புரோசசர் அப்கிரேடு" (மெஷினின் மூளையான இன்டெல் ஐ3 சிப்புக்குப் பதில் வேகமான ஐ7 சிப்) என்று பில் போட்டு 8,500 ரூபாய் வாங்கியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது, ஐ7 போட்டால் விண்டோஸ் 11 ஏறிவிடும் என்பது கடைக்காரர் சொன்ன காரணம். "பழசைக் கழட்டிட்டு ஐ7 போட்டாச்சுண்ணே, ஓட்டிப் பாருங்க" என்று அவள் அப்பாவிடம் மெஷினைக் கொடுத்திருக்கிறார். வேகமாகவும் ஓடியது. திரையில் ஐ7-5500யூ என்றே காட்டியது. ஆனால் விண்டோஸ் 11-க்கான சோதனையை ஓட்டியதும் "இந்தப் புரோசசருக்கு ஆதரவு இல்லை" என்று வந்தது. அதன் பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்தது வாங்கிய நாளில் இருந்த அதே ஐ3-5005யூ. விண்டோஸ், புரோசசரின் பெயரை ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்த வரியைத் திருத்தியிருக்கிறார்கள். மெஷின் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தப் பெயர் சிப்பிலிருந்து புதிதாக எழுதப்படும் என்பதால், மறுபடி ஐ7 என்று மாற்ற, நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு சின்ன நிரலும் இருந்தது. வேகம் கூடியதற்குக் காரணம் வேறு: 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமாகத் தகவலைப் படிக்கும் பழைய 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டிருந்தார்கள். குடும்பப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் திரும்பி வரவில்லை. பணத்தைவிட அதுதான் பெரிய இழப்பு.

இந்த வேலை ஏன் முடியாது என்று தெரிந்துவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. இன்டெல் லேப்டாப் புரோசசர்களில் சாக்கெட்டிலிருந்து (சிப்பைச் செருகும் இடம்) கழற்றக்கூடியவை நான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டன. ஐந்தாம் தலைமுறையிலிருந்து (5005யூ-வின் முதல் எண் 5 குறிப்பது இதைத்தான்) எல்லாமே மதர்போர்டோடு பற்றவைத்தவை. 'யூ' என்று முடியும் சிப்புகள் அதற்கு முன்பும் பற்றவைத்தவைதான். ஏஎம்டி ரைசன் லேப்டாப் சிப்புகளும் அப்படியே. மைக்ரோசாஃப்ட்டோ விண்டோஸ் 11-க்கு, ஒருசில விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கிறது. ஆக, லேப்டாப் சிப்பைக் கழற்றி மாட்ட முடிந்த மெஷின்களில் 11-க்குத் தகுதியான சிப் உட்காராது. தகுதியான லேப்டாப் சிப் எதுவும் கழற்றி மாட்டும் வகையில் வருவதில்லை. இந்த லேப்டாப்பில் நிஜமாகவே ஐ7-5500யூ இருந்திருந்தாலும் அதுவும் ஐந்தாம் தலைமுறைதான், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை.

"ஹீட் கொடுத்து ரீபால் பண்ணி மாற்றுகிறோம்" என்று, அதாவது பற்றவைப்பை உருக்கி எடுத்துச் சிப்பைப் புதிதாகப் பற்றவைப்பதாகச் சொல்வதும் உண்டு. ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் போர்டு வளையலாம், பக்கத்துப் பாகங்கள் பெயரலாம். பழுதான சிப்பை எடுத்து அதே சிப்பைப் போடும் ரிப்பேர் வேலை அது. தலைமுறை மாற்றினால் அடியிலுள்ள இணைப்புகளும், மெஷின் ஏறும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலும் ஒத்துவராது.

உண்மையில் மாற்ற முடிந்த லேப்டாப்புகளும் உண்டு. மூன்றாம் தலைமுறை ஐ3-3110எம் இருந்த இடத்தில் ஐ7-3632கியூஎம் வைக்கலாம். இரண்டும் 35 வாட், அதனால் சூட்டை வெளியேற்றும் பழைய ஹீட் சிங்க்கே தாங்கும். 45 வாட் சிப்பை வைத்தால் சூடேறி வேகம் இறங்கும். 3632கியூஎம் பற்றவைக்கும் வகையிலும் வந்தது, வாங்கும் முன் அடியில் ஊசிகள் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, சாக்கெட் திருகைத் தளர்த்தி, முக்கோணக் குறி பொருந்த வைத்து, சூட்டைக் கடத்தும் புது பேஸ்ட் தடவி, ஹீட் சிங்க் திருகுகளை எண் வரிசைப்படி முடுக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்து தரும் கடையைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கழற்றிய பழைய சிப்பை உங்கள் கையில் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள், மெஷின் ஏறும்போது பயாஸுக்குள் போய்ப் புரோசசர் பெயரைப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரித் திருத்தம் அங்கே எட்டாது. டாஸ்க் மேனேஜரிலும் ஒரு அடையாளம் உண்டு. 5005யூ-வுக்கும் 5500யூ-வுக்கும் இரண்டு கோர், நான்கு த்ரெட்டுதான், எனவே எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் நினைவகமான எல்3 கேஷ் ஐ3-யில் 3 எம்பி, ஐ7-யில் 4 எம்பி. ஐ3-5005யூ-வுக்கு டர்போ (தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் வசதி) கிடையாது, எவ்வளவு வேலை கொடுத்தாலும் 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாது. ஐ7 3 வரை போகும்.

பழைய மெஷினுக்குச் செலவு செய்வதென்றால் எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம், புது பேஸ்ட், விசிறியில் அடைந்த செம்மண் தூசியைச் சுத்தம் செய்வது, இவை போதும். ஐந்தாம் தலைமுறை லேப்டாப் பெரும்பாலும் டிடிஆர்3எல் வகை ராம் கேட்கும், டிடிஆர்4 பொருந்தாது. கடையில் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும், பயாஸில் உள்ள லேப்டாப் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டையே மாற்றி வைத்தாலும் அப்போது காட்டிக்கொடுக்கும்.

பில் இருந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. மனுவில் பணத்தோடு சேர்த்து உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். லினக்ஸிலும் பயாஸிலும் தெரிந்த பெயரை, தேதியோடு படமெடுத்துப் பில்லோடு இணையுங்கள். அதுவரை விண்டோஸை மறுபடி நிறுவாதீர்கள், நிறுவினால் அந்தத் திருத்தத்தின் தடயம் அழிந்துவிடும்.